இரண்டு ஆண்டுக் கெடு, முப்பதைத் தாண்டியது: ஐ.நா. விண்வெளிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளியின் அமைதிவழிப் பயன்பாட்டுக்கான ஐ.நா. குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

1992 டிசம்பர் 14 அன்று ஐ.நா. பொதுச்சபை 47/68 என்ற தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. விண்வெளியில் அணுசக்தி மூலங்களைப் பயன்படுத்துவது பற்றிய பதினொரு கோட்பாடுகள் அதில் இருக்கின்றன. எழுதிக்கொடுத்தது உங்கள் குழு. பதினொன்றாவது கோட்பாடு ஒரே வரிதான்: இவற்றை ஏற்றுக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மிகாமல், திருத்துவதற்காகக் குழு மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கெடு 1994 டிசம்பரில் முடிந்தது. பேசினீர்கள், தள்ளிவைத்தீர்கள், மறுபடியும் பேசினீர்கள். கோட்பாடுகளில் இன்றுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை.

அணுசக்தி வேண்டாம் என்று எழுதும் மடல்களில் இதுவும் ஒன்று என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். எனக்கு அணு ராக்கெட் பறக்க வேண்டும். என் ஆயுளுக்குள் பறந்தால் இன்னும் நல்லது. நான் சட்டம் படித்தவன் அல்லன், அணு உலை கட்டியவனும் அல்லன். விண்கலங்களைப் பற்றிய அறிக்கைகளைப் பொழுதுபோக்காகப் படிக்கத் தொடங்கி, இப்போது உங்கள் தீர்மானங்களின் முகவுரை வரை வந்து நிற்கிறேன். முகவுரையை யாரும் படிப்பதில்லை என்பார்கள். என் தூக்கத்தைக் கெடுத்த வரி அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், அணுசக்தி ஏன் வேண்டும் என்பது. சூரியனை விட்டு விலக விலக வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. வியாழனில் நமக்குக் கிடைப்பதில் இருபத்தேழில் ஒரு பங்கு, சனியில் ஏறக்குறைய தொண்ணூறில் ஒரு பங்கு. 2011-இல் கிளம்பிய ஜூனோ விண்கலம் சூரியத் தகடுகளை மட்டும் நம்பி வியாழனுக்குப் போனது. ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் நீளமுள்ள மூன்று சிறகுகள். பூமிக்கு அருகில் சுமார் 14 கிலோவாட் தரக்கூடிய அந்தச் சிறகுகள் வியாழனில் கொடுத்தது ஏறத்தாழ 500 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டிக்குக்கூடப் போதாத மின்சாரத்தில் ஒரு கிரகத்தையே ஆராய்கிறார்கள் என்பது பொறியாளர்களின் சாமர்த்தியம். அதற்கு அப்பால் சாமர்த்தியமும் உதவாது.

அங்கே இதுவரை கைகொடுத்தது புளூட்டோனியம்-238. சனிக்குப் போன காசினியிலும், புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸிலும், செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டியிலும் இருந்தது ஒரே மாதிரியான வில்லை. கட்டைவிரல் நுனியைவிடச் சற்றுப் பெரியது, எடை 150 கிராம், மேலே இரிடியம் என்ற உலோக உறை. யாரும் பற்றவைக்காமலே அது 62 வாட் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெப்பம் வெளியேறாதபடி சிறிது நேரம் மூடிவைத்துவிட்டுத் திறந்தால், ஊதிவிட்ட கரித்துண்டைப் போல ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 87.7 ஆண்டுகள். 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர்களும் இந்தத் தனிமத்தின் சூட்டில்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் இந்தக் கணப்பால் கலத்தை உயிரோடு வைத்திருக்கத்தான் முடியும், ஓட்ட முடியாது. மனிதர்களை ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்குப் போய்த் திரும்பவும், பல டன் சரக்கை அதற்கப்பால் இழுத்துச் செல்லவும், அணுவைப் பிளந்து ஆற்றல் தரும் உலை வேண்டும்.

அணு வெப்ப ராக்கெட்டின் தத்துவம் எளிமையானது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனை எடுத்து, 2,000 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் உலையின் ஊடே செலுத்தி, பின்னால் பீய்ச்ச வேண்டும். எதுவும் எரிவதில்லை. பீய்ச்சும் பொருளில் ஒரு கிலோவுக்கு, மிகச் சிறந்த ரசாயன ராக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உந்துதல் கிடைக்கும். சொல்ல எளிது. அந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில கை நீளம்தான்.

அமெரிக்காவில் 1955-இல் ரோவர் என்ற பெயரில் இந்த வேலை தொடங்கியது. முதல் உலைகளுக்குக் கிவி என்று பெயர். பறக்கத் தெரியாத பறவையின் பெயர், வேண்டுமென்றே வைத்தது. 1962 நவம்பரில் நெவாடா பாலைவனத்தில் கிவி-பி4ஏ-வை ஓட்டியபோது, பீய்ச்சுகுழலின் வாயில் பளிச் பளிச்சென்று மின்னியது. உலையின் எரிபொருள் துண்டுகள் உடைந்து வெளியே பறந்துகொண்டிருந்தன. காரணம் அணுவில் இல்லை; வாயு பாயும் வேகத்தில் கம்பிகள் அதிர்ந்து நொறுங்கியிருந்தன. யுரேனியம் இல்லாத பொம்மை உலையில் வெறும் வாயுவைச் செலுத்தி அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். 1968-இல் ஃபீபஸ்-2ஏ என்ற உலை 4,000 மெகாவாட்டுக்கு மேல் பன்னிரண்டு நிமிடங்கள் ஓடியது. ஆயிரம் மெகாவாட் மின்சாரம் தரும் அணுமின் நிலைய உலையின் வெப்பமே 3,000 மெகாவாட் அளவுதான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராக்கெட் கிட்டத்தட்ட தயார். 1973-இல் நிதியை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே கதை. எஸ்பி-100 என்ற விண்வெளி உலைத் திட்டம் வந்தது, போனது. வியாழனின் நிலவுகளுக்குப் போக வேண்டிய புரோமிதியஸ் திட்டம் 2005-இல் நின்றது. 2027-இல் சுற்றுப்பாதையில் அணு ராக்கெட்டைச் சோதிக்கும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்ட டிராகோ திட்டம் 2025-இல் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய அணு உலை ஒன்றே ஒன்று: 1965 ஏப்ரல் 3-இல் போன ஸ்னாப்-10ஏ. நாற்பத்து மூன்று நாள் ஓடி, கலத்தின் மின்கோளாறால் நின்றது. உலை பழுதாகவில்லை. சுமார் 1,300 கிலோமீட்டர் உயரத்தில் அது இன்னும் சுற்றுகிறது. 1979-இலிருந்து அதன் துண்டுகள் உதிரத் தொடங்கியதையும் ரேடார்கள் பார்த்தன.

உலைகளை உண்மையிலேயே அடுக்கடுக்காக அனுப்பியது சோவியத் யூனியன், முப்பதுக்கும் மேல். அவற்றில் ஒன்றுதான் உங்கள் கோட்பாடுகளுக்குத் தாய்.

காஸ்மாஸ் 954 கடலில் போர்க்கப்பல்களை ரேடாரால் வேவு பார்த்த செயற்கைக்கோள். வேலை முடிந்ததும் உலையை மட்டும் 900 கிலோமீட்டருக்கு மேலே தள்ளிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அது நடக்கவில்லை. 1978 ஜனவரி 24 அதிகாலையில் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தின் மேல் சிதறி விழுந்தது. பனி உறைந்த ஏரிகளும் மரமற்ற வெளியும் நிறைந்த 600 கிலோமீட்டர் நீளப் பாதை. தெலான் ஆற்றின் கரையில் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கியிருந்த ஆறு பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் இரண்டு பேர், நாய் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, பனியில் பள்ளம் விழுந்து அதிலிருந்து முறுக்கிய உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்கள். ஒருவர் கையுறையோடு தொட்டும் பார்த்தார். முகாமுக்குத் திரும்பிய பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. மனிதர்கள் வாழும் இடங்களில் அந்த வட்டாரத்தைப் போல ஆளரவம் இல்லாத இடம் உலகில் குறைவு. அங்கேயே ஒருவர் கை அதன் மேல் பட்டுவிட்டது.

பல மாதங்கள் தேடினார்கள். உலையின் எரிபொருளில் கிடைத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கனடா 60,41,174 டாலர் 70 சென்ட் என்று, சில்லறை வரை கணக்குப் போட்டுக் கேட்டது. 1981-இல் சோவியத் யூனியன் 30 லட்சம் கனடா டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. முன்கூட்டியே சொல்லவில்லை என்பது கனடாவின் குறைகளில் ஒன்று. அதனால்தான் உங்கள் ஐந்தாவது கோட்பாடு முன்னறிவிப்பைப் பற்றிப் பேசுகிறது. விழுந்தது 1978-இல், விதி வந்தது 1992-இல்.

இதில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. காஸ்மாஸ் 954-க்குப் பிறகு சோவியத் பொறியாளர்கள் பாதுகாப்பைக் கூட்டினார்கள்: மேலே போனதும் எரிபொருள் மையத்தை உலையிலிருந்து வெளியே தள்ளிவிடும் ஏற்பாடு. தற்செயலாகக் கீழே வந்தாலும் மையம் தனியாக மேலேயே சிதைந்து, செறிவு குறைந்து போய்விடும் என்பது எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் மையத்தைத் தள்ளும்போது குளிர்விப்பான் குழாய் திறந்துகொள்ளும். அதிலிருந்த சோடியம்-பொட்டாசியத் திரவ உலோகம் துளித்துளியாகச் சிந்தி, 900 கிலோமீட்டருக்கு மேல் ஒரு குப்பை வளையமாகவே சுற்றத் தொடங்கியது. விபத்துக்குப் பயந்து அவசரத்தில் செய்யும் பாதுகாப்பு எப்படி முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இனி அந்த முகவுரை வரி. 1992-இன் கோட்பாடுகள் யாருக்குப் பொருந்தும்? கலத்தில் மின்சாரம் உண்டாக்கும் அணுசக்தி மூலங்களுக்கு, அதுவும் உந்துவிசை அல்லாத நோக்கங்களுக்கு, அதுவும் அன்று பயன்பாட்டில் இருந்தவற்றோடு பொதுவாக ஒத்த தன்மை உள்ளவற்றுக்கு. வரியை இரண்டு முறை படித்தேன். அணுசக்தியால் ஓடும் கப்பல் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது இந்த விதிகளின் வாசலுக்கு வெளியே நிற்கிறது. உலை மின்சாரம் தந்து, அந்த மின்சாரம் கலத்தின் விளக்கை எரித்தால் விதி உண்டு. அதே மின்சாரம், மின்னூட்டம் பெற்ற துகள்களைப் பீய்ச்சும் அயனி எஞ்சினை ஓட்டினால்? நேரடியாக ஹைட்ரஜனைச் சூடாக்கினால்? விதி இல்லை.

2009-இல் உங்கள் குழுவும் பன்னாட்டு அணுசக்தி முகமையும் சேர்ந்து ஒரு பாதுகாப்புக் கட்டமைப்பை வெளியிட்டீர்கள் என்பதை மறக்கவில்லை. நல்ல ஆவணம். ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாத வழிகாட்டி. அது கவலைப்படுவது பூமியின் உயிர்க்கோளத்தைப் பற்றி மட்டும். விண்வெளியில் இருக்கும் மனிதர்களின் பாதுகாப்பு இதன் வரம்புக்கு அப்பாற்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறீர்கள். அணுக்கப்பலில் பயணம் செய்யப் போகிறவர் யார்? கதிர்வீச்சுத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் உலை, இந்தப் பக்கம் அவர். பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசீவர்ட். பயண நாளைக் குறைத்தால் இந்த அளவும் குறையும் என்பதுதான் அணு ராக்கெட்டுக்குச் சொல்லப்படும் முக்கிய நியாயங்களில் ஒன்று. உலையிலிருந்து பயணிக்குச் சேரும் பங்கு அந்த லாபத்தைத் தின்றுவிடக் கூடாது. எவ்வளவு வரை சேரலாம், யார் அளப்பது, பழுதுபார்க்கக் கலத்துக்கு வெளியே வருபவர் உலையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் பன்னாட்டு வாசகம் எதையும் நான் பார்க்கவில்லை.

மூன்றாவது கோட்பாட்டில் இன்னொரு வாசகம்: உலைகள் மிகுந்த செறிவூட்டப்பட்ட யுரேனியம்-235-ஐ மட்டுமே எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டும். அன்று பறந்தவை அப்படி இருந்தன, எழுதிவிட்டீர்கள். இன்று ஆயுதம் செய்யத் தகுந்த அந்த எரிபொருளை ராக்கெட்டின் முனையில் ஏற்றி ஏவுதளத்தில் நிறுத்துவது யாருக்கும் பிடிக்கவில்லை. டிராகோ திட்டமிட்டது இருபது சதவீதத்துக்கும் குறைவான செறிவுள்ள, அதாவது யுரேனியம்-235-இன் பங்கு அவ்வளவே உள்ள எரிபொருளை. நிலவில் வைக்கத் திட்டமிடும் மின் உலைகளிலும் பேச்சு அந்தத் திசையில்தான் போகிறது. அதாவது, பாதுகாப்பான எரிபொருளைத் தேர்ந்தெடுப்பவர்தான் உங்கள் விதியின் சொல்லை மீறுபவர். மற்ற திருத்தங்களுக்குக் கூட்டம் கூட்டமாக விவாதம் வேண்டியிருக்கலாம். இந்த ஒரு வார்த்தையை எடுக்க ஒரு பிற்பகல் போதாதா?

அதே கோட்பாட்டில் தங்கமான ஒரு விதியும் இருக்கிறது; அதைத் தொடாதீர்கள். சுற்றுப்பாதையையோ கோள்களுக்கிடையிலான பாதையையோ அடையும்வரை உலையில் தொடர்வினையைத் தொடங்கக் கூடாது என்பது அது. மக்கள் இதை அறியவில்லை. ஏவும்போது வெடித்தால் செர்னோபில் தலையில் விழும் என்று பயப்படுகிறார்கள். ஒருமுறைகூட ஓட்டாத உலையில் இருப்பது யுரேனியம்-235. அதன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டுகள். கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால், இதுவரை நாம் அனுப்பிக்கொண்டிருக்கும் புளூட்டோனியம்-238-இன் கதிரியக்கம் அதைப்போல ஏறக்குறைய எண்பது லட்சம் மடங்கு. ஓடிய பிறகுதான் உலை ஆபத்தான பொருளாகிறது. கடலில் விழுந்தால், அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை நீர் மெதுவாக்கித் தொடர்வினையைத் தூண்டிவிடலாம் என்ற ஆபத்து மட்டும் உண்டு. அதற்கு வடிவமைப்பிலேயே வழிசெய்ய வேண்டும். அதையும் கோட்பாடு கேட்கிறது.

ஆகவே கவலைப்பட வேண்டியது கிளம்பும் நாளைப் பற்றி அல்ல, திரும்பி வரும் நாளைப் பற்றி. 1992-இன் கோட்பாடுகள் இதை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. அன்றைய உலைகள் ஒருவழிப் பயணிகள். போக்குவரத்து என்று வந்துவிட்டால் கப்பல் போகும், வரும், எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடியும் போகும். செவ்வாயிலிருந்து திரும்பும் கலம், அணுப்பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் நிறைந்த சூடான உலையோடு, வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பூமியை நோக்கி வரும். வேகத்தைக் குறைக்க வேண்டிய எஞ்சினும் அதே உலைதான். அது எழாவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு ஏற்கெனவே நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. சுமார் 33 கிலோ புளூட்டோனியம் டையாக்சைடுடன் 1997-இல் போன காசினி, 1999 ஆகஸ்டில் வேகம் கூட்டிக்கொள்வதற்காகப் பூமியைச் சுமார் 1,170 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தது. தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கலம் பூமியைத் தவறவிடும் பாதையிலேயே கடைசிக் கட்டம் வரை வந்தது, சிறிது சிறிதாகத்தான் நெருக்கிக் கொண்டுவந்தார்கள். வழியில் கட்டுப்பாடு போயிருந்தால் பேசாமல் விலகிப் போயிருக்கும். அந்த வழிச்செலுத்துநர்களின் ஒழுக்கத்தை விதியாக எழுதிவையுங்கள். ஓடிய உலையைச் சுமக்கும் எந்தக் கலமும், எஞ்சின் இறந்தால் தானாகவே பூமியைத் தவறவிடும் பாதையில்தான் வர வேண்டும். எந்த உயரத்துக்குக் கீழே வரக் கூடாது, எங்கே நங்கூரம் இட வேண்டும், ஆயுள் முடிந்த உலைகளைப் பூமியைச் சுற்ற விடுவதா சூரியனைச் சுற்ற விடுவதா என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.

கப்பலே இல்லாதபோது துறைமுக விதி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. தடுப்புச் சுவரின் எடை, எரிபொருளின் செறிவு, குளிர்விப்பான், திரும்பும் பாதை ஆகிய எல்லாமே வரைபட மேசையில் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுபவை. பத்து ஆண்டு கழித்து விதி வந்து சுவரைக் கூட்டச் சொன்னால், அந்தக் கலம் இன்னொரு புரோமிதியஸாகிவிடும். திட்டங்கள் செத்ததற்குப் பணமும் அரசியலும் பெரிய காரணங்கள் என்பது எனக்குத் தெரியும். விதி இல்லாததால்தான் செத்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் எதை நிறைவேற்றினால் அனுமதி என்பது தெரியாமல் கட்டப்படும் உலைக்குப் பணம் போட யாருக்கும் கை வராது.

ஒருமித்த கருத்தால் மட்டுமே முடிவெடுக்கும் குழு உங்களுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், எல்லோரும் தலையசைக்க வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன். அறிவியல் தொழில்நுட்பத் துணைக்குழுவின் அடுத்த கூட்டத்தில் அணுசக்தி மூலங்கள் பற்றிய பொருள் வரும்போது, யாராவது ஒரு நாட்டின் பிரதிநிதி பதினொன்றாவது கோட்பாட்டை வாய்விட்டுப் படிக்கட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. படித்து முடித்ததும், முகவுரையின் அந்த வரியில் இருக்கும் "உந்துவிசை அல்லாத" என்ற சொற்களை நீக்க வேண்டும் என்று முன்மொழியட்டும். யார் மறுக்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதைக் கூட்ட அறிக்கையில் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் ஒரு வாசகன்